இபிதுன் துணி எடுக்காத வருஷம்

இபிதுனைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவள் இஜேபு-ஓதே ஊரிலேயே கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவளைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். அன்பாகப் பார்க்கிறவர்களுக்குப் பாதி கண்ணில் படாமல் போய்விடும். எனக்கு அவள் ரவிக்கையின் ஒரு கொக்கிகூடத் தப்பியதில்லை.

அவள் பிளாஸ்டிக் சாமான் விற்கிறவள். வாளி, குடம், முக்காலி, மூடி போட்ட டப்பா, அப்புறம் விருந்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்புகிற கிண்ணம். நான் தலையில் கட்டும் கெலேத் துணி விற்கிறேன். விற்பதோடு நிற்காமல் கட்டியும் விடுகிறேன். சனிக்கிழமை காலையில் என் கடை முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தலையை என் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு தலைக்கும் காசு. இபிதுன் தலைக்கு மட்டும் நான் காசு வாங்கியதில்லை என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. பொய். அவளிடமும் வாங்கினேன். கொஞ்சம் குறைத்து வாங்கினேன், அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். கல்யாணமாகி ஒரே தெருவுக்கு வந்தோம். அதனால் ஒரே வயதுக் குழுவில் சேர்ந்தோம். எங்கள் ஊரில் குழு இல்லாதவள் ஆள் கணக்கிலேயே வரமாட்டாள். இலேயாவுக்கு, அதாவது பக்ரீத் பெருநாளுக்கு, ஆடு அறுத்த மூன்றாம் நாள், குழு குழுவாக, குழுவுக்கு ஒரே துணி உடுத்தி, அரண்மனை மைதானத்தில் அரசர் முன்னால் நடந்துபோய் மண்டியிடுவோம். வருஷம் முழுக்க நாங்கள் உண்பதும் உறங்குவதும் அந்த ஒரு நாளுக்காகத்தான் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டவர்களைத் தவிர்த்து எங்கள் குழுவில் இருபத்து நாலு பேர். துணிப் பொறுப்பு என்னுடையது. என்ன லேஸ், என்ன நிறம் என்று முடிவானதும் வியாபாரியிடம் மொத்தமாகச் சொல்லி வரவழைத்து, ஆளுக்கு ஒரு கட்டாகப் பிரித்துக் கொடுப்பேன். கையில் காசு வந்த பிறகுதான் கட்டு கைமாறும். கடன் என்ற பேச்சே என்னிடம் கிடையாது. என் மாமியார் இறந்தபோது துக்கத்துக்கு எடுத்த துணிக்கே நாத்தனார்களிடம் முன்பணம் வாங்கிய பிறகுதான் கத்திரிக்கோலைத் தொட்டேன். அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மைதானத்தில் நடக்கும்போது என் இடப்பக்கம் இபிதுன். இருபத்து நாலு பேருக்கும் ஒரே துணி, ஒரே விலை. ஆனால் பார்க்கிறவர்கள் கண் அவள்மேல்தான் போய் நிற்கும். அவள் ஒன்றும் பெரிய அழகி இல்லை. முன்பல் இரண்டுக்கு நடுவே சந்து, தோள் ஆம்பிளைத் தோள். இளவயதில் வாளிகளை அடுக்கித் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவள். அதனால் கழுத்து நிமிர்ந்தே இருக்கும். அந்தக் கழுத்துக்கு மேல் நான் கட்டிய கெலே. புகைப்படக்காரர்கள் ஓடி ஓடி வந்து அவளைத்தான் எடுப்பார்கள். படத்தில் என் இடது காது மட்டும் ஓரமாக விழுந்திருக்கும். என் காதை நான் பல படங்களில் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவள்தான் ஒருநாள் துணியே வேண்டாம் என்றாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில் அவள் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. சந்தைக்குள் மூன்றாவது சந்தில், சாக்கடை ஓரம் அவள் கடை. வாளி விற்கிறவளின் வாளிகளெல்லாம் மிதந்து மீன்காரிகள் பக்கம் போய்விட்டன. இபிதுன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்தாள். நானும் பிடித்துக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் பிடித்துக் கொடுத்தேன், மறைப்பானேன்.

அந்த வருஷப் பெருநாள் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். கணக்கு வழக்கெல்லாம் முடிந்து, கோலா குடித்துக்கொண்டிருந்தபோது இபிதுன் எழுந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன். அடுத்த இலேயா முடியற வரைக்கும் நான் எந்தத் துணியும் எடுக்கறதா இல்ல. கல்யாணத் துணி, சாவுத் துணி, பிள்ளைக்குப் பேர் வைக்கிற துணி, எதுவும் வேணாம். நம்ம குழுத் துணியும் சேர்த்துத்தான்."

எங்கள் ஊரில் எந்த விசேஷமானாலும் அந்த வீட்டார் சொல்லும் ஒரே துணியைக் காசு கொடுத்து வாங்கி உடுத்திக்கொண்டுதான் போவோம். அதனால் முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏண்டி, லாகோஸ்ல உன் புருஷன் இன்னொருத்தியக் கட்டிக்கிட்டானா?" என்றாள் ஒருத்தி.

"கட்டிக்கிட்டா சொல்லுங்க. அந்தக் கல்யாணத்துக்கும் துணி எடுக்க மாட்டேன்."

குழுத் தலைவி மட்டும் சிரிக்கவில்லை. "துணி இல்லாம வரிசையில நடக்க விடமாட்டோம். தெரியும்ல இபிதுன்?"

"தெரியும் அக்கா. மைதானத்துல வேடிக்கை பார்க்கறவங்களோட கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கறேன்."

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "என்னடி ஆச்சு உனக்கு? பேய் ஏதாவது பிடிச்சிருக்கா?"

"அல்ஹாஜா மொதினத்தோட முனைக்கடை," என்றாள். "அடுத்த பெருநாளோட அவங்க இபாதான்ல மகள்கிட்டப் போயிடறாங்களாம். மைதானத்து நாளுக்கு மறுநாள் காலையில, ரெண்டு வருஷ வாடகைய முழுசா யாரு முதல்ல கொண்டு வந்து வைக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் சாவி. நாலு லட்சத்து எண்பதாயிரம். நான் போன வருஷம் மட்டும் எத்தனை துணி எடுத்தேன்னு எண்ணிப் பார்த்தேன் சிகிரத். பத்தொன்பது. அதை நிறுத்தினா கடை வந்துடும்."

ஹஜ் போய்வந்த மொதினத் அம்மாளை அல்ஹாஜா என்றுதான் கூப்பிடுவோம். முனைக்கடை என்றால் சந்தை வாசலில், பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிற கடை. அங்கே தண்ணீர் ஏறாது. இறங்குகிறவள் காலை வைத்ததுமே கண்ணில் படும் கடை. அதற்கு முந்தின நாள்வரை எனக்கு அந்தக் கடைமேல் ஓர் ஆசையும் இருந்ததில்லை. இபிதுன் சொன்ன அந்த நிமிஷத்தில் எனக்கு அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. அங்கே ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டி, இரண்டு நாற்காலி போட்டு நான் கெலே கட்டுவதுபோலக் கண்ணுக்குள் தெரிந்தது. ஆனால் எனக்கு நாலு லட்சத்துக்கு எங்கே போவது? பத்தொன்பது துணி அவள் எடுத்தாள் என்றால் நான் இருபத்தொன்று எடுத்திருந்தேன்.

"ஒரு மாசம் தாங்குவ," என்றேன்.

"பார்க்கலாம்," என்றாள்.

முதல் சில மாதங்கள் எனக்கு நன்றாகவே போயின. எங்கள் விருந்துகளில் துணி எடுத்தவளுக்கு ஒரு மரியாதை, எடுக்காதவளுக்கு வேறு மரியாதை. எல்லாரும் ஒரே ஊதா லேஸில் வந்திருக்க, இபிதுன் தன் பழைய நீலச் சுற்றாடையில் வந்து கடைசி மேஜையில் உட்காருவாள். பரிமாறுகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். ஜோலோஃப் சோறு வந்தால் இறைச்சி வராது. போகும்போது கிண்ணம் கிடையாது. பாட்டுக்காரர் கூப்பிட்டால் எழுந்து ஆடுவாள், ஆனால் கல்யாணப் பெண்ணின் நெற்றியில் மற்றவர்களைப்போல ஒட்ட அவள் கையில் பணநோட்டு இருக்காது. வெறும் கையை ஆட்டி ஆடிவிட்டு வருவாள். அழைக்காமல் வந்தவள் என்று சிலர் காதுபடவே சொன்னார்கள். நான் முன்மேஜையில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு அதையெல்லாம் பார்த்தேன். கோழி அவ்வளவு ருசியாக இருந்தது.

அவளுக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. வீட்டிலேயே மரவள்ளிக் குருணையைத் தண்ணீரில் ஊறவைத்து, வேர்க்கடலை போட்டு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் விருந்துக்கு வருவாள் என்று பிறகு தெரிந்தது. விருந்துக்கு முந்தின நாளே அந்த வீட்டுக்குப் போய், மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்துக் கொடுத்துவிடுவாள். அதனால் வீட்டுக்காரர்களால் அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

"அறுநூறு நைரா கிண்ணத்துக்கு முப்பதாயிரம் கொடுக்கறோம் சிகிரத்," என்றாள் ஒருநாள். "அந்தக் கிண்ணத்த விக்கறவ நான். விலை எனக்குத் தெரியாதா?"

"கிண்ணத்துக்கா போறோம்? மனுஷங்களுக்காகப் போறோம்."

"மனுஷங்களுக்காக நானும்தான் வர்றேனே."

 என் கடையில் ஆள் காத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பிறகுதான் வினை ஆரம்பித்தது. அந்தக் கடைசி மேஜைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு விதவை. பிறகு மகன் படிப்புக்குப் பணம் கட்டியவள். பிறகு காரணமே இல்லாமல் இரண்டு பேர். "இபிதுன் அக்காவே எடுக்கல, எனக்கென்ன?" என்று கேட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். சிரிப்புச் சத்தம் அந்த மேஜையிலிருந்துதான் வந்தது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாயே ஒரு தட்டு நிறைய ஆட்டிறைச்சியை எடுத்துக்கொண்டு, எங்கள் மேஜையைத் தாண்டி, இபிதுனிடம் கொண்டுபோய் வைத்தாள். "வெங்காயம் உரிச்ச கை இது," என்று அவள் கையைப் பிடித்து ஊருக்கே காட்டினாள். முப்பத்தையாயிரம் கொடுத்துத் துணி எடுத்த எனக்கு அன்று கிடைத்தது ஒரு கழுத்தெலும்பு.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அவள்தான். என் கணவர் முரிதலா பள்ளிக்கூட வாத்தியார். வாயைத் திறந்தால் பாடம் நடத்தாமல் மூடத் தெரியாது. எங்கள் வீட்டில் விருந்துகளிலிருந்து வந்த எல்லாக் கிண்ணத்திலும் யாராவது ஒருவர் முகம் அச்சடித்திருக்கும். கல்யாண ஜோடிகள், அறுபது வயதான சீமாட்டிகள், இறந்துபோன பெரியவர்கள். ஒவ்வொரு வேளையும் அவர் கிண்ணத்தைச் சுற்றித் திருப்பிப் பார்ப்பார்.

"இன்னைக்கு யார் முகத்துல சாப்பிடறேன்? ஓ, செத்துப்போன லாரிக்காரரா. வணக்கம் ஐயா. நீங்க எங்களுக்கு நாற்பதாயிரம் ஆச்சு."

"சாப்பிடுங்க, ஆறிடும்."

"இபிதுன் வீட்டுல வெறும் கிண்ணத்துலதான் சாப்பிடறாங்களாம். பொம்பளைன்னா அவதான் பொம்பளை. நெனைச்சா நெனைச்சதுதான்."

"அவ்வளவு பிடிச்சிருந்தா அவ வீட்டுலயே போய்ச் சாப்பிடுங்களேன்!"

"கூப்பிட்டா போவேன்," என்றார் அந்த மனுஷர், குழம்பை உறிஞ்சிக்கொண்டே.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. என் சொந்த வீட்டில், என் அடுப்பில் வெந்த குழம்பைத் தின்றுகொண்டு இன்னொருத்தியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். எனக்கும் நிறுத்தத் தெரியாதா? மறுநாளே நிறுத்திக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டேன். ஒன்பது நாள் தாங்கினேன். பத்தாம் நாள் என் சித்தி மகளின் நிச்சயத்துக்குப் பச்சை லேஸ் வந்தது. அந்தப் பச்சையை நீங்கள் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் பேசமாட்டீர்கள்.

மறு பெருநாள் நெருங்கியது. எங்கள் குழு செம்பவள நிற லேஸும் கருநீலக் கெலேயும் எடுப்பதாக முடிவு செய்தது. கட்டு ஒன்று நாற்பத்தைந்தாயிரம். துணி வேண்டும் என்றவர்கள் இருபத்து மூன்று பேர். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால் நான் சேர்ப்பதில்லை. லண்டனில் இருக்கும் தினுகே அந்த வருஷம் வரமுடியாது என்று சொல்லிவிட்டாள். ஆக இருபத்து மூன்று. நான் வியாபாரியிடம் இருபத்து நாலு என்றேன். அந்த இருபத்து நாலாவது கட்டு இபிதுனுக்கு. அவள் கேட்கவில்லை. துணியைக் கண்ணால் பார்த்தால் விழுந்துவிடுவாள் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம், நான் விழுந்தேனே.

பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்னால் அவள் கடைக்குப் போனேன். வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து, சின்னக் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாற்பதாயிரம் இடிக்குதுடி," என்றாள். நான் கேட்காமலேயே சொன்னாள். என்னிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. "மத்ததெல்லாம் சேர்ந்துடுச்சு. இந்த ரெண்டு வாரத்துல எத்தனை வாளி விக்கும்? கடன் வாங்கப் பிடிக்கல."

நாற்பதாயிரம். என் கடையில் அவளுக்காகக் கிடக்கிற கட்டு நாற்பத்தைந்தாயிரம். அவள் அதை எடுத்துவிட்டால் முனைக்கடை அவ்வளவுதான். அங்கேயே நின்றுகொண்டு இந்தக் கணக்கை நான் போட்டேன். எனக்கு அந்தக் கடை கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். கிடைக்காவிட்டால் போகிறது. அவளுக்கும் கிடைக்கக் கூடாது. என் மனசு அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. அதை வேறு மாதிரி அலங்கரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பிரித்து அவள் தோளில் போட்டேன். சாக்கடை ஓரத்து இருட்டுக் கடையிலும் அந்தச் செம்பவள நிறம் பளீரென்றது. அவள் துணியை விரல்களால் தடவினாள். ஓர் ஓரத்தை எடுத்து மோந்து பார்த்தாள். ஒரு வருஷம் புதுத்துணியின் வாசனை படாத மூக்கு.

"என் இடப்பக்கம் யாருடி நடப்பா?" என்றேன். குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன். "இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து நடந்திருக்கோம். கடைய அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். நீ வராட்டி நானும் நடக்கப் போறதில்ல."

"காசு இல்லையே சிகிரத்."

"காசு யாரு கேட்டா? இப்ப வச்சுக்க. மைதானத்து நாளுக்கு முந்தின நாள் கொடு போதும்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கடனா? நீயா?"

"உனக்கு இல்லாத கடனா?" என்றேன் அவசரமாக.

 அவள் துணியை மடித்து, கட்டாகக் கட்டி, தன் முக்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "சரி. முந்தின நாள் கொடுத்துடறேன்," என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கால் தரையில் பாவவில்லை. அன்று கிழங்கைத் துருவி இகோகோரே கிளறி, காய்ந்த மீன் நிறையப் போட்டு, முரிதலாவுக்கு இரண்டு தடவை பரிமாறினேன். "உங்க பொம்பளை துணி எடுத்துட்டா," என்றேன். அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து மூன்றாவது தடவையும் பரிமாறினேன்.

பெருநாள் வாரம் வந்தது. என் கடை வாசலில் டாக்சி ஒன்று நின்றது. உள்ளேயிருந்து தினுகே இறங்கினாள். லண்டனில் லீவு கிடைத்துவிட்டதாம், ஓடி வந்துவிட்டாளாம், துணி வேண்டுமாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்ப வந்து நின்னா துணி வானத்துலேருந்தா விழும்?" என்றேன். வியாபாரியிடமும் அந்த லேஸ் தீர்ந்துவிட்டிருந்தது.

"ஆறு வருஷம் கழிச்சு வந்திருக்கேன் சிகிரத்! கயித்துக்கு வெளிய நிக்கவா விமானம் ஏறி வந்தேன்? எவ்வளவு வேணா தர்றேன். இரண்டு மடங்கு தர்றேன். யாருகிட்டயாவது ஒரு கட்டு இருக்காதா?"

"எல்லாரும் தையலுக்குக் கொடுத்தாச்சு." அங்கே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. என் வெற்றியை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்திருக்கும். "ஒரு வருஷமா துணியே வேணாம்னு வீறாப்பு பேசினாளே இபிதுன், அவளே கடைசிக் கட்ட எங்கிட்டதான் வாங்கினா. இன்னும் தைக்கக்கூடக் கொடுக்கல."

தினுகே கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே போனாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

மைதானத்து நாளுக்கு முந்தின நாள் இபிதுன் என் கடைக்கு வந்தாள். நாற்பத்தைந்தாயிரத்தை என் கையில் வைத்தாள். புது நோட்டுகள். இரண்டு தடவை எண்ணினேன். எண்ணியது சந்தேகத்தால் இல்லை, சந்தோஷத்தால். முனைக்கடைக்குச் சேர்த்த பணம் அல்லவா இது, என் கையில் இருக்கிறது.

"நாளைக்கு விடியக்காலம் வந்துடு, கெலே கட்டணும்," என்றேன்.

"நாளைக்குப் பார்க்கலாம்," என்றாள்.

விடியற்காலையில் அவள் வரவில்லை. வீட்டிலேயே யாரையாவது வைத்துக் கட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு பொறாமை வந்தது. மைதானத்துக்குப் போனோம். கொம்பு ஊதுகிறது, குதிரைகள் கனைக்கின்றன, வேட்டுப் புகையில் கண் எரிகிறது. எங்கள் குழுவின் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டார்கள். வரிசை நகர ஆரம்பித்தபோது என் இடப்பக்கம் ஒருத்தி ஓடி வந்து சேர்ந்தாள். செம்பவள லேஸ், கருநீலக் கெலே. தினுகே.

"உனக்கு எப்படிக் கிடைச்சுது?" என்றேன், சிரித்த முகம் மாறாமல். புகைப்படக்காரர்கள் நிற்கிறார்களே.

"இபிதுன்கிட்ட வாங்கினேன். நீதானே சொன்ன! தொண்ணூறாயிரம் கேட்டா, பாவி. கொடுத்துட்டேன். ராத்திரியோட ராத்திரியா தையல்காரன் காலப் பிடிச்சுத் தச்சு வாங்கினேன். உனக்குப் புண்ணியமாப் போகும்டி."

தொண்ணூறு. எனக்கு நாற்பத்தைந்து. அவளுக்கு நாற்பத்தைந்து. இடித்தது நாற்பது. அரசர் முன்னால் போய்விட்டோம், எல்லாரும் மண்டியிடுகிறார்கள், நானும் மண்டியிட்டேன். வயிற்றுக்குள் அடுப்பு எரிய, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, அரசரை வாழ்த்தினேன். எழுந்து திரும்பும்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்கு நடுவே, அந்தப் பழைய நீலச் சுற்றாடை தெரிந்தது. நிமிர்ந்த கழுத்து. இபிதுன் எனக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷப் படங்களில் முதல்தடவையாக என் முகம் முழுசாக விழுந்தது. அந்த முகத்தை யாருக்கும் காட்டுவதில்லை.

மறுநாள் காலையில் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. முனைக்கடைக் கதவு திறந்திருந்தது. அல்ஹாஜா சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சாவி இபிதுனின் இடுப்பில் தொங்கியது. தரையைக் கூட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

"உள்ள வாடி. ஏன் வாசல்லயே நிக்கற?"

போனேன். வெளிச்சமான கடை. தரை காய்ந்து கிடந்தது.

"தினுகே வருவான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"தினுகே வருவான்னு தெரியாது. யாராவது வருவான்னு தெரியும். வருஷா வருஷம் கடைசி வாரத்துல யாராவது ஒருத்தி உன் கடை வாசல்ல அழுதுக்கிட்டு நிப்பா. நீதானே வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவ."

"அப்ப, நான் கொண்டு வந்தப்பவே..."

"நீ கடன்னு சொன்னப்பவே." அவள் குரலில் சிரிப்பும் இல்லை, சூடும் இல்லை. "மாமியார் சாவுக்கே முன்பணம் வாங்கினவ நீ. நாற்பது குறையுதுன்னு ஒருநாள் உங்கிட்டச் சொல்றேன், மறுநாளே நாற்பத்தஞ்சாயிரத்துக் கட்ட சும்மா தூக்கிக்கிட்டு வர்ற. எனக்குக் கணக்குத் தெரியாதா சிகிரத்?"

 மேலே பார்த்தேன். ஒட்டடைகூட அடித்து முடித்துவிட்டிருந்தாள்.

"கோவமா இருக்கியா?"

"ரெண்டு நாள் இருந்தேன். அழுதேன்கூட. அப்புறம் தொண்ணூறாயிரம் வந்துச்சு." இப்போது அந்தப் பல் சந்து தெரியச் சிரித்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு கெலேயை எடுத்துத் தோளுக்கு மேலாக நீட்டினாள். மூன்று வருஷத்துக்கு முந்தின மஞ்சள் கெலே, நான் விற்றதுதான். அதன்மேல் ஆயிரம் நைரா நோட்டு ஐந்தை விசிறிபோல வைத்தாள், எல்லாம் அதே புது நோட்டுகள்.

"என் வருஷம் நேத்தோட முடிஞ்சுது. முதல் செலவு இதுதான். கடை திறக்கற நாளு, நல்லாக் கட்டி விடு."

"காசு எதுக்குடி? வேணாம். அப்புறம் பார்த்துக்கலாம்."

"முன்பணம் பிடி," என்றாள். "நீதான் கடன் தர மாட்டியே."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? கோணலாகக் கட்டி அனுப்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கை ஒத்துழைக்கவில்லை. மடிப்பு மடிப்பாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அந்த நிமிர்ந்த கழுத்துக்கு மேலே அது தானாகவே எழுந்து நின்றது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கெலேயை அதற்கு முன்னால் நான் கட்டியதில்லை.

முதல் பஸ் வந்து நின்றது. இறங்கின பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்ததெல்லாம் இபிதுனைத்தான்.